மாற்றிய நிப்பு ஒன்றும் குற்றமில்லை

பழைய பேனா சேகரிப்பவர்கள் உலகத்தில் ஒரு கெட்ட வார்த்தை உண்டு: ‘ஃபிராங்கன்பென்’. ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் பல உடல்களிலிருந்து பாகங்களை எடுத்து ஒட்டி ஒரு உருவத்தை எழுப்புவார்களே, அதே சமாச்சாரம்தான். ஒரு பேனாவின் மூடி, இன்னொன்றின் நிப்பு, மூன்றாவதின் உடல். எல்லாம் சேர்ந்து ஒரு பேனா. இந்த வார்த்தையை யாராவது சொல்லிவிட்டால் போதும், பேனாவின் விலை அதலபாதாளத்துக்குப் போய்விடும். வைத்திருப்பவரின் முகமும் கூடவே தொங்கிப்போகும்.

இந்த வார்த்தைக்குப் பின்னால் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நிறையத் திமிரும் இருக்கிறது. நியாயத்தை ஒத்துக்கொண்டுவிட்டு, திமிரைக் கொஞ்சம் கவனிப்போம்.

கோட்டூர்புரத்தில் ஒரு பழைய தனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இதுதானே நடக்கிறது.) பீரோவைக் காலி செய்யும்போது தாத்தாவின் பேனா அகப்படுகிறது. பார்க்கர் 51. பேரன் படம் எடுத்து, விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்புகிறான். மூன்று நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: “உடல் 1947. மூடி பத்து வருஷம் பிந்தியது. நிப்பு எங்கேயோ மாற்றியது. ஃபிராங்கன்பென். பாகங்களுக்காக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.”

அந்தப் ‘பாகங்களுக்காக’ என்ற ஒரு சொல்லில்தான் விவகாரமே இருக்கிறது.

முதலில், அந்த ஞானம் எப்படி வருகிறது?

தீர்ப்புச் சொல்கிறவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அவர் கற்றது உண்மையான வித்தை. பார்க்கர் கம்பெனி ஆரம்பித்தது 1888-ல். அதன் 51-வது வருஷமான 1939-ல் உருவானதால் இந்தப் பேனாவுக்கு 51 என்று பெயர். அமெரிக்கச் சந்தைக்கு 1941-ல் வந்தது. நிப்பு வெளியே தெரியாமல் ஒரு கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் முப்பது வருஷமும் ஒரே பேனாவைச் செய்தது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே எத்தனையோ மாற்றங்கள்.

பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். சின்ன மூடிக்குள் அழுத்தும் குச்சி ஒன்று இருந்தால் அது வேக்குமேட்டிக், 1941 முதல் 1948 வரை. அந்தக் குச்சியிலும் இரண்டு வகை: ஆரம்பத்தில் அலுமினியம், உலகப்போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபின் பிளாஸ்டிக். உடலையே கழற்றினால் உள்ளே உலோக உறையும் அழுத்தும் பட்டையும் தெரிகிறதா? அது ஏரோமெட்ரிக், 1948-க்குப் பிறகு. உறையில் எப்படி மை நிரப்புவது என்றுகூட அச்சடித்திருக்கும். ஆரம்பகாலத்து உறை நான்கு முறை அழுத்தச் சொல்லும், பிந்தியது ஆறு முறை. ஒரு எண்தான், ஆனால் அதை வைத்துக் காலம் சொல்லிவிடலாம்.

பேனாவின் முனைகளில் பதித்திருக்கும் குமிழைப் பாருங்கள். மூடியிலும் உடலின் அடியிலும் ஆக இரண்டு குமிழ் இருந்தால் 1940-களின் வேக்குமேட்டிக் வகை. முதல் வருஷப் பேனாக்களில் அந்தக் குமிழ் அலுமினியத்தில் இருக்கும். கிளிப்பில் நீல வைரக் குறி இருந்தால் கம்பெனி ஆயுள்கால உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்துப் பேனா. 1940-களின் அமெரிக்கப் பேனாக்களில் உடலின் மேல் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை இலக்கமும் சில புள்ளிகளும் இருக்கும். இலக்கம் வருஷத்தின் கடைசி எண். புள்ளிகள் வருஷத்தின் எந்தக் காலாண்டு என்பதைச் சொல்லும். ‘6’ என்றிருந்தால் 1946. 1936 ஆக இருக்காதா என்று கேட்காதீர்கள், அப்போது இந்தப் பேனாவே பிறக்கவில்லை.

நிறத்துக்கும் தனிப் பாடம் உண்டு. கறுப்புக்குக் கம்பெனி வைத்த பெயர் ‘இந்தியா பிளாக்’ (பெயரில் மட்டும்தான் இந்தியா). ‘பிளம்’ என்று நாவல்பழ நிறம் ஒன்று கொஞ்ச காலமே வந்தது, அரிது. அதையும் ‘பர்கண்டி’யையும் குண்டு பல்பு வெளிச்சத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விற்கிறவர்கள் ராத்திரியில் எடுத்த படத்தை ஏன் அனுப்புகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

2021-ல் பார்க்கர் அதே பெயரில் ஒரு புதிய 51-ஐக் கொண்டு வந்தது. பழைய மூடி நேராக அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். புதியதைத் திருக வேண்டும். இது ஒன்று தெரிந்தாலே பாதி ஏமாற்று வேலையிலிருந்து தப்பிக்கலாம்.

இவ்வளவும் நல்ல அறிவு. பொறுமையாக நூற்றுக்கணக்கான பேனாக்களைப் பிரித்துப் பார்த்துச் சேர்த்தது. சண்டை அதோடு இல்லை.

அந்த அறிவை வைத்து என்ன செய்கிறார்கள்?

சண்டை இங்கேதான். ஒரு 1946 உடல் கையில் இருக்கிறது, ஆனால் மூடி 1955. உடனே என்ன செய்கிறார்கள்? இன்னொரு பேனாவை வாங்கி, அதன் 1946 மூடியைக் கழற்றி இதற்குப் போடுகிறார்கள். கிளிப்பில் கீறல் இருந்தால் மூன்றாவது பேனாவிலிருந்து கிளிப். நிப்பு சரியில்லையென்றால் நான்காவது. கடைசியில் ‘முழுக்க முழுக்க அசல் 1946’ ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறுகிறது. மிச்சமிருக்கும் மூன்று பேனாக்களும் ஒரு டப்பாவுக்குள் எலும்புக்கூடாகக் கிடக்கின்றன.

இப்போது சொல்லுங்கள், எது ஃபிராங்கன்பென்?

தாத்தாவின் பேனாவில் மூடி தொலைந்தது, வேறு மூடி போட்டார்கள், அதிலேயே இருபது வருஷம் எழுதினார். இரண்டு பாகமும் சேர்ந்து இருந்த காலம் அரை நூற்றாண்டுக்கு மேல். கண்ணாடிப் பெட்டியில் இருப்பதன் பாகங்கள் ஒன்றையொன்று சந்தித்தது போன மாதம். எல்லாப் பாகங்களும் கச்சிதமாகப் பொருந்துகிற பேனாதான் சந்தேகப்பட வேண்டிய பேனா. பொருந்தாத பேனா பெரும்பாலும் உண்மை பேசுகிறது. அட்டவணைக்காரர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

மெருகு போடும் வியாதி வேறு. பழைய பேனா பளபளவென்று இருக்க வேண்டுமாம். துணியும் மெருகுப் பசையும் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் உடலில் இருந்த அந்த ஒற்றை இலக்கமும் புள்ளிகளும் அழிந்துபோகும். காலம் சொல்லும் ஒரே சாட்சியைக் கொன்றுவிட்டு, ‘1940-களின் அருமையான நிலையில் உள்ள பேனா’ என்று எழுதி விற்பார்கள். பெயர் பொறித்திருந்தால் இன்னும் மோசம். யாரோ ஒரு வாத்தியாருக்கு ஓய்வுபெறும் நாளில் பெயரும் தேதியும் பொறித்துக் கொடுத்திருப்பார்கள். அதையும் தேய்த்து எடுத்துவிடுவார்கள். ‘பெயர் இருந்தால் விலை குறையும்.’ கல்வெட்டில் தேதி இருந்தால் சரித்திரக்காரர்கள் கொண்டாடுவார்கள். பேனாவில் இருந்தால் சேகரிப்பாளர்கள் சுரண்டுவார்கள்!

‘அசல்’ என்று ஒன்று இருந்ததா?

வேக்குமேட்டிக்கையே எடுத்துக்கொள்வோம். மை உறிஞ்சும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சவ்வு. ரப்பர் என்ன, வருஷங்கள் போகப் போக இற்றுப்போகும், அல்லது பிசுபிசுவென்று உருகி ஒட்டிக்கொள்ளும். எண்பது வருஷம் ஆன வேக்குமேட்டிக் ஒன்று இன்றைக்கு எழுதுகிறதென்றால் அதன் சவ்வை யாரோ, எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் எழுதுகிற வேக்குமேட்டிக் எல்லாமே ‘மாற்றியது’தான். அசலாக வேண்டுமென்றால் எழுதாத பேனாவைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

“சவ்வு கணக்கில் வராது, அது தேய்கிற பொருள்” என்பார்கள். நிப்பு தேயாதா? பேனாவிலேயே முதலில் தேய்வது நிப்புதான். கீழே விழுந்தால் முதலில் வளைவதும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத பாகத்தை மாற்றினால் மராமத்து, கண்ணுக்குத் தெரிகிற பாகத்தை மாற்றினால் போலி. இது அறிவு இல்லை, அலங்காரம்.

தொழிற்சாலைகளும் ஒன்றும் ஜனவரி ஒன்றாம் தேதி பழைய பாகங்களைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதிய பாகங்களை எடுக்கவில்லை. இருப்பில் இருப்பது தீரும்வரை போட்டார்கள். அதனால்தான் இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிற பேனாக்கள் கிடைக்கின்றன. பழுதுபார்க்க வந்த பேனாவுக்கு அன்றைக்கு மேஜையில் என்ன பாகம் இருந்ததோ அதைப் போட்டுக் கொடுத்ததும் நடந்ததுதான். கம்பெனியே கலந்து போட்டால் அதற்கு ‘இடைக்கால வகை’ என்று மரியாதையான பெயர். பாரிமுனையில் ஒருவர் கலந்து போட்டால் ஃபிராங்கன்பென். நல்லா இருக்கே நியாயம்!

மெட்ராஸ் பேனாவுக்கு என்ன கஷ்டம்?

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பேனாக்களின் இறக்குமதிக்கு இங்கே கடுமையான கட்டுப்பாடு இருந்தது. பேனாவே வருவது கஷ்டம் என்றால் உதிரி பாகம் எங்கிருந்து வரும்? ஆனால் பார்க்கரும் ஷீஃபரும் வைத்திருந்தவர்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை. அது ஒரு மாதச் சம்பளத்தின் கனம் உள்ள பொருள். கல்யாணத்தில் மாமனார் கொடுத்தது. பழுதானால் பழுதுபார்ப்பவரிடம் போனார்கள்.

பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஜெம் அண்ட் கோ என்று ஒரு பேனாக் கடை 1920-களிலிருந்து இருக்கிறது. விற்பதோடு பழுதும் பார்த்தவர்கள். கொல்கத்தாவில் ‘பென் ஹாஸ்பிடல்’ என்றே ஒரு கடைக்குப் பெயர். பேனா ஆஸ்பத்திரி! எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் பல் கட்டிக்கொண்டு வந்த தாத்தாவை யாரும் ‘இவர் அசல் தாத்தா இல்லை’ என்று சொல்வதில்லை.

இந்த ஆஸ்பத்திரிகளில் நடந்தது வெறும் ஒட்டு வேலை இல்லை. கிடைக்காத பாகத்தைக் கருங்கட்டை மாதிரி இருக்கும் எபோனைட்டில் கடைந்து போட்டார்கள். உடைந்த கழுத்துக்குப் புதுக் கழுத்து, அதற்கு மரை வெட்டிப் பொருத்துவது, மெல்லிசாக எழுத வேண்டும் என்று கேட்ட கணக்கருக்கு நிப்பு முனையைத் தேய்த்துக் கொடுப்பது. தமிழ் எழுத்துக்கு வளைவு அதிகம், கையெழுத்துப் பழக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். அதற்கேற்ப நிப்பைச் சரிசெய்து வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. இது எதுவும் அமெரிக்க அட்டவணையில் வராது. வராததால் ‘தவறு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு ஊர் முழுக்க எப்படி எழுதியது என்பதற்கான தடயத்தை ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்தால் அது என்ன சேகரிப்பு?

‘கடைசல் பேனாவுக்கு ஏது வகை?’

திமிரின் அடுத்த கட்டம் இது. பார்க்கருக்கு நூறு வகை பிரிக்கத் தெரிந்தவரிடம் போய் நம்மூர்ப் பேனாவை நீட்டுங்கள். “அதுக்கெல்லாம் வகை கிடையாது சார். கையால கடைஞ்சது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அது வேரியேஷன் இல்லை, ஒழுங்கின்மை” என்பார்.

ராஜமுந்திரியில் ரத்னம் பேனா இருக்கிறது. சுதேசிப் பேனா செய்யச் சொன்ன காந்தி, அதை வாங்கி எழுதிப் பார்த்து 1935-ல் பாராட்டிக் கடிதம் போட்டார். அதே ஊரில் கைடர். ஐதராபாத்தில் டெக்கான். ஜெம் அண்ட் கோவின் சொந்தப் பெயரில் காமா. திருவள்ளூரில் ரங்கா. எல்லாம் எபோனைட் தண்டைக் கடைசலில் கொடுத்துச் செய்தவை. இவற்றுக்கு வகை இல்லையா?

இருக்கிறது. ஆனால் தேடுகிற இடம் வேறு. தொழிற்சாலைப் பேனாவில் அச்சுதான் சாட்சி. ஒரே அச்சில் வார்த்ததால் அச்சு மாறினால் வகை மாறும். கடைசல் பேனாவில் கைதான் சாட்சி. நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலோ குறைவோ இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனால் மூடியை எத்தனை சுற்றுத் திருகினால் இறுகுகிறது? மரை நெருக்கமா, அகலமா? மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா, எந்த இடத்தில்? கழுத்து நிப்புப் பக்கம் குறுகுகிறதா, விரிகிறதா? நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டை (சிலர் நாக்கு என்பார்கள்) எபோனைட்டா, பிளாஸ்டிக்கா? கிளிப்பைப் பட்டறையில் செய்தார்களா, வெளியில் வாங்கிப் போட்டார்களா? எழுத்துப் பொறிப்பு எப்படி? ஒரு பட்டறையில் ஒரு கடைசல்காரர் இருபது வருஷம் உட்கார்ந்தால் அவர் கை ஒரு வழக்கத்துக்கு வந்துவிடும். அந்த வழக்கம்தான் வகை. சிற்பிகளின் கையைப் பார்த்துச் சிலையின் காலம் சொல்கிற ஊரில் இதைப் புரியவைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

மூக்கையும் பயன்படுத்தலாம். எபோனைட் என்பது கந்தகம் கலந்து கடினமாக்கிய ரப்பர். விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாசனை வரும். செல்லுலாய்ட் என்றால் கற்பூர வாசனை வரும். கறுப்பு எபோனைட் வெயிலும் ஈரமும் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். ஒரு பேனாவில் மூடிக்குள் மறைந்திருந்த இடம் மட்டும் கறுப்பாகவும் மற்ற இடம் பழுப்பாகவும் இருந்தால் மூடியும் உடலும் வெகுகாலம் சேர்ந்தே இருந்திருக்கின்றன. இந்தச் சாட்சியையும் அழிப்பவர்கள் உண்டு, பேனாவை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு. காலையில் எடுத்துப் பார்த்தால் எல்லாமே ஒரே பழுப்பு!

1960-களின் பேனா என்று சொல்லி விற்கிற கடைசல் பேனாவுக்குள் ஜெர்மனியின் ஜோவோ நிப்பு யூனிட்டும் திருகி மை இழுக்கும் கன்வர்ட்டரும் இருந்தால் உஷாராகுங்கள். அந்தக் காலத்தில் நம்மூர்க் கடைசல் பேனாக்களில் இங்க் ஃபில்லரால் மையை நேராக உடலுக்குள் சொட்டு சொட்டாக விடுவதுதான் வழக்கம். ஒன்று பேனா புதியது, அல்லது உள்ளே மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தப்பில்லை. சொல்லாதது தப்பு.

பெயரை நம்பியும் ஏமாறக் கூடாது. மும்பையின் வாலிட்டி 69-ஐயும் ஏர்மெயில் 69-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். மு. கருணாநிதி எழுதியது வாலிட்டி பேனாவில் என்று பத்திரிகைகள் எழுதியபிறகு அதற்குத் தனி மவுசு வந்தது. அப்போதும்கூட, அந்த மாடலில் எந்த வருஷம் எந்தக் கிளிப் போட்டார்கள், எப்போது கட்டை மாறியது என்று யாராவது வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். பார்க்கர் உறையில் நான்கு முறையா ஆறு முறையா என்பதற்குப் பக்கம் பக்கமாக எழுத ஆள் இருக்கிறது.

போலிக்கும் மராமத்துக்கும் நடுவில்

“அப்போ எல்லாத்தையும் ஏத்துக்கலாமா? ஹீரோவையும் பார்க்கர்னு வித்துடுவானே!” நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

ஷாங்காயில் செய்த ஹீரோ 616 பார்க்கர் 51-ஐப் பார்த்துச் செய்தது. மூடிய நிப்பு, உலோக மூடி, தூரத்திலிருந்து பார்த்தால் சந்தேகமே வராது. பர்மா பஜாரில் வாங்கிய ஹீரோ பேனாவில் பரீட்சை எழுதிய தலைமுறையைக் கேளுங்கள், கண் கலங்குவார்கள். ஆனால் அது தன் பெயரைத் தானே சொல்கிற பேனா. ‘ஹீரோ’ என்று எழுதிக்கொண்டு வருகிற வரைக்கும் அது போலி இல்லை, இன்னொரு பேனா. (ஹீரோ 616-க்கே போலி வந்தது தனிக் கதை. நகலுக்கு நகல்!) அதே ஹீரோவின் பெயரைச் சுரண்டிவிட்டுப் பார்க்கர் என்று விற்றால் அது போலி. அதே மாதிரி, சீன உடலுக்குள் பார்க்கர் நிப்பைப் போட்டு ‘நிப்பு மட்டும் பார்க்கர்’ என்று சொன்னால் ஒட்டுவேலை. சொல்லாவிட்டால் மோசடி.

ஆக, எல்லைக்கோடு பாகத்தில் இல்லை. வாயில் இருக்கிறது. மாற்றுவது போலி ஆகாது, மறைப்பதுதான் போலி. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் ஃபிராங்கன்பென் என்கிற வார்த்தைக்கே வேலையில்லை.

நமக்குத் தெரிந்த வழிதான்

இதற்கு வெளிநாட்டில் போய் வழி தேட வேண்டாம். உ.வே.சா. நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது, கோட்டூர்புரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தவர். ஊர் ஊராக அலைந்து ஏடு சேர்த்தார். ஒரு ஏட்டில் ஒரு சொல் இருக்கும், இன்னொரு ஏட்டில் வேறு சொல் இருக்கும். அவர் என்ன செய்தார்? தனக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்தார். மற்றதைத் தூக்கி எறியவில்லை. அடிக்குறிப்பில் ‘பி-ம்’ என்று போட்டு, அதையும் அச்சிட்டார். பிரதிபேதம். நாளைக்கு வருகிறவன் ‘ஐயர் தேர்ந்தது தப்பு, கீழே இருப்பதுதான் சரி’ என்று சொல்ல வாய்ப்பு வைத்துவிட்டுப் போனார்.

ஏடு எழுதினவன் கை தவறி மாற்றிய சொல்லுக்கே அவ்வளவு மரியாதை. மனிதர்கள் வேண்டுமென்றே, எழுத வேண்டும் என்பதற்காகவே, மாற்றிய நிப்புக்கு ஒரு அடிக்குறிப்புகூடக் கிடையாதா?

செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். பேனா கைக்கு வந்ததும், கழுவுவதற்கு முன்னால், மெருகுத் துணியைத் தொடுவதற்கு முன்னால், இதை எழுதி வைக்க வேண்டும்:

1. உடல், மூடி, கிளிப், கழுத்து, கட்டை, நிப்பு, மை நிரப்பும் பாகம். ஏழையும் தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் என்ன குறி, என்ன காலம் என்று. ‘பேனா 1947’ என்று ஒட்டுமொத்தமாக எழுதக் கூடாது.

2. எழுத்துப் பொறிப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது.

3. மாற்றிய பாகம் எது, மாற்றியது தெரிந்தால் எப்போது, எங்கே. பழைய ரசீது இருந்தால் அது தங்கம். பேனாவை விட்டுப் பிரிக்கக் கூடாது.

4. யாருடைய பேனா, என்ன வேலை பார்த்தவர், எந்த மை. வக்கீல் குமாஸ்தாவின் நிப்பு தேய்கிற விதமும் டாக்டரின் நிப்பு தேய்கிற விதமும் வேறு.

5. இப்போது ஏதாவது மாற்றினால் கழற்றிய பாகத்தை ஒரு காகிதத்தில் மடித்து, பேனாவோடேயே வைக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். இதைச் செய்தால் யாரும் எதையும் இழப்பதில்லை. சேகரிப்பவருக்குத் தகவல் கூடுகிறது. வாங்குகிறவருக்கு ஏமாற்றம் இல்லை. குடும்பத்துக்குத் தாத்தாவின் பேனா தாத்தாவின் பேனாவாகவே இருக்கிறது.

“இதெல்லாம் எழுதினால் விலை விழுமே” என்கிறவர் இருப்பார். விழட்டும். பொய்யால் ஏறிய விலை உண்மையால் இறங்கினால் யாருக்கு நஷ்டம்? பொய் சொன்னவருக்குத்தான். உண்மையில் எல்லோரும் எழுத ஆரம்பித்தால் நடக்கப் போவது வேறு. ‘1950-களில் மெட்ராஸில் கழுத்து மாற்றிய பார்க்கர்’ என்பது ஒரு வகையாகிவிடும். அதையும் தேடி அலைய நாலு பேர் வருவார்கள். சேகரிப்பவர்கள் அப்படித்தானே!

இதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. பார்க்கருக்கு விளம்பரம், கேட்டலாக், புத்தகம் எல்லாம் இருக்கின்றன. இன்னும் நூறு வருஷம் கழித்தும் யாராவது படித்துக்கொள்வார்கள். கடைசல் பேனாவின் வகை அதைக் கடைந்தவரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. எந்த வருஷம் எபோனைட் தண்டு கிடைக்காமல் திண்டாடினார்கள், எப்போது கிளிப்பை மாற்றினார்கள், ஏன் அந்தக் காற்றுத் துளை என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டும். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பாரிமுனைக்கும் திருவள்ளூருக்கும் போக ஒரு நாள் போதும். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் அத்தனை மாடி உயரத்துக்கு நிற்கிறது. அதில் ‘தமிழ்நாட்டுப் பேனாக்கள்’ என்று ஒரு மெல்லிய புத்தகத்துக்கு இடம் இல்லாமல் போகாது.

அதை எழுதாமல், இன்னொருவர் வீட்டுப் பேனாவுக்கு ஃபிராங்கன்பென் என்று முத்திரை குத்திப் பாகம் பாகமாகப் பிரித்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சேகரிப்பாளர் என்று பெயர் வைக்க வேண்டாம். அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது: காயலான் கடை.